மூன்று மணிப் பேருந்துக்குப் போனவளின் மதிப்பெண்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பொருளியல் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் பருவம் அது. பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போட்டால் போதும், பிள்ளைகள் தாமாகப் பேசிவிடுவார்கள் என்று நம்பினேன். அகமதிப்பெண்ணில் பத்தைக் கலந்துரையாடலுக்கு ஒதுக்கினேன். குழுவுக்கு ஐந்து பேர். ஒருவருக்கொருவர் சீட்டில் மதிப்பெண் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து நான் முடிவு செய்வேன். எனக்குக் கிடைத்ததென்னவோ கடைசி மணி நேரம்.

மரவள்ளிக் கிழங்குக்கு விலை வைப்பது யார் என்பது தலைப்பு; அதையொட்டிச் சில கேள்விகளையும் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். ஒரு குழு பிய்த்து உதறியது. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டு மாவுச்சத்து பார்ப்பது, சத்து கம்மி என்று விலையை இறக்குவது, எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். நான்கு பேருமே டவுன் பிள்ளைகள். ஐந்தாமவள் கல்வராயன் மலைக்காரி. மூன்று மணிப் பேருந்தை விட்டால் அவள் வீடு போய்ச் சேர முடியாது, வகுப்பு தொடங்குமுன்பே கிளம்பியிருந்தாள். ஆனாலும் நான்கு சீட்டிலும் அவளுக்குப் பத்துக்குப் பத்து. சிநேகிதத்துக்குப் போட்ட மார்க் என்று நினைத்து மூன்று போட்டேன். அதிலேயே அவளுடைய அகமதிப்பெண் தேர்ச்சிக்குக் கீழே போய்விட்டது. பட்டியலில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அவளும்தான், படித்துக்கூடப் பார்க்காமல்.

மறுநாள் காலை அந்தக் குழுவின் பையன் துறை வாசலில் என்னை மறித்தான்.

“இன்னா மேடம், அவளுக்கு மூணு போட்டுகிறீங்க?”

“அவ பேசவே இல்லையேப்பா.”

“நாங்க பேசுனது பூரா அவ எழுதிக் குடுத்தது மேடம். கேன்டீன்ல உக்காந்துகினு எங்களுக்கு கிளாஸே எடுத்தா. நான் கிழங்க சிப்ஸாதான் பாத்துகிறேன்.”

“இவனுக்கு ஒம்போது போட்டீங்க பாருங்க, அது அதவிட அநியாயம் மேடம்” என்றாள் கூட வந்தவள். அவள் நீட்டிய நோட்டில் ஆறு பக்கம், மலைப் பெண்ணின் கையெழுத்தில்.

வகுப்பில் அவளைத் தேடிப் போனேன். “ஏம்மா பேசாம கையெழுத்து போட்ட?”

“நீங்க போட்ட மார்க்கு மேடம். கரெக்டாதான் இருக்கும்னு நெனச்சேன்.”

பெஞ்சுகள்தான் வட்டமாக இருந்தன. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது நான்.

துறைத் தலைவரிடம் தப்பு என்னுடையது என்றேன். “அவசரக்காரிம்மா நீ” என்று பட்டியலைத் திருப்பித் தந்தார். கலந்துரையாடலுக்குக் கடைசி மணி நேரத்துக்குப் பதில் காலை இரண்டாவதை மாற்றித் தரவும் சம்மதித்தார். மூன்றை அடித்துவிட்டு, பத்து என்று பென்சிலால் எழுதி அவளிடம் நீட்டினேன். இந்த முறை படித்துப் பார்த்தாள்.

“பத்து வேணாம் மேடம். எல்லா மில்லுலயும் ஏன் ஒரே வெலய சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. அதுக்கு நான் ஒண்ணும் எழுதல. ஒம்போது போடுங்க.”

போட்டேன். கையெழுத்திட்டுப் பேனாவை மூடியவள் கேட்டாள்: “அதுக்கு பதில் இன்னா மேடம்?”

எனக்கும் தெரியாது என்றேன்.