என் கசெற்றில் அக்காவின் பாட்டு

நடந்தவை:

1. பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, போர்கோ வெக்கியோவில் இருந்த எங்கள் வீட்டில் என் கட்டிலின் பாதியை எடுத்துக்கொண்டாள்.
2. அம்மா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, காலமான கணவரின் கிற்றாரையும் ஒரு பெட்டி அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுக் கசெற்றுகளையும் "உன் மகளுக்கு" என்று கொடுத்தார்.
3. அம்மா அவற்றை அக்காவிடம் கொடுத்தார்.
4. என் பாட்டு இருந்த கசெற்றில் அம்மா அக்காவின் பாட்டைப் பதிந்தார்.

முதல் மூன்றையும் பொறுத்துக்கொண்டேன். எனக்கு எட்டு வயது. நான் பாடகி என்பதற்கு அந்தக் கசெற் ஒன்றுதான் சாட்சி.

அக்கா யாருடனும் கதைக்கமாட்டாள். ஆனால் சமையலறையில் கிற்றாரோடு இருந்து, விளங்காத ஆங்கில வரிகளை மூக்கால் இழுத்துப் பாடுவாள். கீழே மீன் விற்பவன் "பிராவா!" என்று கத்துவான். நான் யன்னலிலேயே நின்று பாடியும் எனக்கு அவன் கத்தியதில்லை.

அன்று பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அம்மா றெக்கோடரை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"ஊரிலை இருக்கிற உன்ரை அம்மாவுக்கு ரெண்டு சொல்லுக் கதை, பிள்ளை."

அக்கா நகத்தைக் கடித்தாள்.

"சரி, அப்ப பாடு."

பாடினாள். முடிந்த பிறகுதான் கசெற்றின் மேல் என் கையெழுத்தைக் கண்டேன்.

"அது என்ரை!"

"ஓம், உன்ரைதான். நாளைக்கு ஊருக்கு ஆள் போகுது. வேறை கசெற் இல்லை."

"ஒரு பெட்டி கிடக்குதெல்லோ?"

"அதிலைதானே அவள் பழகிறாள்."

"நானும் பாடுவன்தானே!"

"நீ வாயை மூடினால்தானடி எனக்குப் புதினம்," என்று அம்மா சிரித்தார்.

அக்காவின் பாட்டு சிறியது. அதன் பின்னால் என் பாட்டின் கடைசி இரண்டு வரிகள் மிஞ்சியிருந்தன. அழித்ததை விட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த நத்தார் பண்டிகைக்கு மாதா கோவில் மண்டபத்தில் நடந்த ஒளிவிழாவில் அக்கா பாடினாள். பக்கத்து ஊரான பகேரியாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருவர் அதைக் கேட்டு, ஞாயிறுகளில் பாட அழைத்தார். பிறகு பெரிய மேடைகள், பிறகு இசைத்தட்டு. வியா மக்வேதா தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் தொப்பி போட்ட அவள் படம். நான் எதிர்ப்பக்கத்தால் நடந்தேன்.

கதைக்கத் தொடங்கினால் அக்கா அழுதுவிடுவாள் என்பதோ, அந்த அழுகையை ஊருக்கு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை என்பதோ அப்போது எனக்கு விளங்கவில்லை.

பல வருடங்களின் பின் பெரியம்மா இங்கே வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அந்தக் கசெற்றிலை கடைசியிலை பாடினது நீதானே?" என்று கேட்டார்.

இப்போது நான் ஒலிப்பதிவுப் பொறியாளர். அக்காவின் பாட்டுகளை நான்தான் பதிகிறேன். பொறாமை இன்னும் இருக்கிறது.