பிணமில்லாமல் பாடிய பாட்டு

எங்கள் காசிமேட்டில் சாவு கானாவைப் பிணம் இல்லாமல் யாரும் பாடமாட்டார்கள். செத்தவர் பெயரை உள்ளே வைத்துத்தான் பாட்டே. பெயர் வந்ததும் சொந்தபந்தம் மாரில் அடித்துக்கொண்டு அழும். என் தம்பி பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். சாவு விழுந்த வீடுகளில் பாடினான்.

ஒருநாள் கலையைப் பாதுகாக்கிறோம் என்று மைக்கும் கையுமாக ஒரு கூட்டம் வீட்டுக்கு வந்தது. மற்ற பாட்டெல்லாம் வேண்டாமாம், சாவு கானாதான் வேண்டுமாம். யார் பெயரையாவது போட்டுப் பாடு என்றார்கள்.

“உயிரோட கீற மன்சன் பேர எப்டி சார் போடுறது? நாளைக்கி அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா என் தலைல வுழும்,” என்றான். அவர்கள் விடவில்லை. கடைசியில் தன் பெயரையே போட்டுப் பாடித் தொலைத்தான். நான் கத்தினேன்.

“வுடுக்கா. எனக்கு நானே பாடிக்கினேன், எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம்,” என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனோடு பாடும் தோஸ்துகளைக் கூப்பிட்டேன். “அவனே பாடி வெச்சிட்டுப் பூட்டான்க்கா. அதுக்கு மேல நாங்க இன்னாத்த பாடுறது? அத வாங்கியாந்து போடு,” என்று அழுதார்கள்.

மைக்கோடு வந்தவர்களுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் முதலில் வருத்தம் தெரிவித்தாள். பாட்டு பத்திரமாக இருக்கிறதாம். வெளியே கொடுக்கத்தான் அனுமதி வேண்டுமாம், மெயில் அனுப்ப வேண்டுமாம். “எந்தம்பி கொரலும்மா அது. ஐஸ் பொட்டில கீறாம்மா,” என்று கெஞ்சினேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள். அடப்பாவிகளா! பொழுது சாயும்வரை காத்திருந்தோம். ஊர்ப் பிணத்துக்கெல்லாம் பாடியவன் வெறும் மேளத்தோடு போனான்.

பிறகு அவர்களே கார் அனுப்பினார்கள். விழாவாம். பாட்டையாவது கேட்கலாம் என்று போனேன். ஏசி அரங்கில் முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். விளக்கை அணைத்துப் பாட்டைப் போட்டார்கள். தம்பியின் குரலில் தம்பியின் பெயர் வந்தது. அரங்கமே கைதட்டியது.

“ஐயோ, என் ராசா!” என்று மாரில் அடித்துக்கொண்டு அலறினேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டு, “அம்மா, சத்தம் போடாதீங்க, ரெக்கார்டிங் போகுது,” என்றார்.

“போவட்டும்! இதையும் சேத்துப் பாதுகாத்து வெச்சிக்கோ,” என்று இன்னும் உரக்க அழுதேன்.