ஸ்டெல்லா கடையில் ஒரு காப்பி அதிகம்

சிறப்பாசிரியர் வேலை என்றால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று வெளியே நினைக்கிறார்கள். உண்மையில் அது, சட்டம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டதை, கொடுக்க வேண்டியவர்களிடம் போய்த் திரும்பத் திரும்பக் கேட்கிற வேலை. பதினேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழித்துறையைச் சுற்றி எனக்கு ஒன்பது பள்ளிக்கூடங்கள், போக ஒரே ஒரு ஸ்கூட்டர்.

நீங்களும் இந்த வேலையில் இருந்தால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றாலும் பரவாயில்லை. நீங்கள் வருஷக்கணக்கில் முட்டி மோதிய காரியத்தை வேறொருத்தி வந்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் போக, ஊரெல்லாம் அவளைப் புகழ, பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே வயிறெரிந்ததுண்டா? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. என் விஷயத்தில் அந்த ஒருத்தியின் பெயர் ஸ்டெல்லா. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய மகள் அபிஷா என் மாணவி. அபிஷாவுக்கு மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில் இருப்பாள், பேச்சு குழறும், பேனா கையில் நிற்காது. மூளை மட்டும் நம் எல்லோருடையதையும் விட வேகம்.

பெரிய ரகசியம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு; பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளும் உண்டு. ஒரு பெற்றோர் கூட்டத்தில், பெரிய ரகசியத்தை அவிழ்க்கிற தோரணையில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் கொட்டாவி விட்டாள். "அது போன வாரமே ஸ்டெல்லாக்கா சொல்லியாச்சு டீச்சர்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு வருகிற சுற்றறிக்கை ஸ்டெல்லாவுக்கு எப்படிப் போனது? நேரே கடைக்குப் போனேன். மெஷினுக்குப் பின்னால் ஒரு அலமாரி. அதில் வரிசையாகக் கோப்புகள், உதவித்தொகை, பஸ் பாஸ், அடையாள அட்டை, பரீட்சை என்று தனித்தனியாக எழுதி ஒட்டியிருந்தாள். என் மேஜையில் அந்த ஒழுங்கு ஒருநாளும் இருந்ததில்லை. திருடியைப் பிடித்துவிட்ட மாதிரி நான் கேட்க, அவள் கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னாள்: "நீங்க கொண்டு வாரதுல எல்லாம் ஒரு காப்பி எனக்கும் போட்டு வைப்பேன் டீச்சர். ஆளில்லாத நேரத்துல இருந்து வாசிப்பேன். நம்ம பிள்ளையளுக்க காரியமல்லா?"

தலைமையாசிரியர் உட்கார்ந்த நாற்காலி

அபிஷாவின் பள்ளியில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சரிவுப் பாதை இருந்தது. யாரோ கொத்தனார் படிக்கட்டின் மேல் சிமெண்டைக் கொட்டித் தேய்த்துவிட்டுப் போயிருந்தார். ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்க நாலு பேர் பிடிக்க வேண்டும். அதை மாற்றச் சொல்லி இரண்டு வருஷம் மனு கொடுத்தேன். ஒவ்வொரு மனுவிலும் 'தயவுகூர்ந்து' என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பேன். தலைமையாசிரியர் நல்ல மனுஷன். ஒவ்வொரு மனுவையும் மரியாதையாக வாங்கி, மரியாதையாக மேஜைக்குள் வைத்தார்.

ஒருநாள் ஸ்டெல்லா வந்தாள். கையில் ஒரே ஒரு தாள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்ற விதியில் மஞ்சள் கோடு போட்டிருந்தாள். மகளைப் பெஞ்சில் இருத்திவிட்டு, காலி நாற்காலியைச் சரிவின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, "சாரே, ஒரே ஒரு தடவ இதுல இருந்து பாருங்க" என்றாள். பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள். மனுஷனுக்கு மறுக்க வழியில்லை, உட்கார்ந்தார். அவள் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள், அவ்வளவுதான். கீழே வந்து நின்றபோது அவருடைய மூக்குக்கண்ணாடி வாயில் இருந்தது.

அடுத்த மாதமே புதுச் சரிவு, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. திறப்பு விழா மாதிரி எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்ய? அப்போது தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பி, உண்மையான ஆதங்கத்தோடு கேட்டார்: "லதா டீச்சரே, இப்பிடி ஒரு காரியம் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

இனி நம்பலாம்

ரப்பர் பால் வெட்டுகிற ஒரு தகப்பனுடைய வீடு. மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். பக்கத்துப் பள்ளியில், "இவனுக்கு இஞ்ச சரிவராது, வேற எங்கயாவது பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை பக்கத்துப் பள்ளியில் படிப்பதா, சிறப்புப் பள்ளியில் படிப்பதா என்பது நம் விருப்பம், சேர்க்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். அப்படி ஒரு விளக்கம் என் வாழ்நாளில் கொடுத்ததில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் டீச்சர்" என்று போனை எடுத்தார்.

போனில் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. "லதா டீச்சர் சொன்னா பின்ன என்ன அண்ணா, சரியாத்தான் இருக்கும். நாளைக்கே பையன கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஸ்டெல்லா. அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், எனக்கு நற்சான்றிதழ் கொடுத்ததுதான் ஆறவில்லை. அவர் போனை வைத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "அக்காவும் சரின்னு சொல்லியாச்சு டீச்சர், இனி ஒங்கள நம்பலாம்."

வேறு கடை

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடையை மாற்றினேன். பாலத்தைத் தாண்டி, சந்தையையும் தாண்டி, இன்னொரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வெயிலில் அங்கே போய்க் காத்துக் கிடந்தேன். என் தாள் அவள் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அந்தக் கடை மெஷின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கறுப்புக் கோடு இழுக்கும். இழுக்கட்டும் என்று விட்டேன்.

பத்தாம் வகுப்புச் சலுகைப் படிவங்கள் அனுப்புகிற சமயம் அது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களில் சிலரும் செய்திருப்பீர்கள். பெற்றோரில் பெரும்பாலோர் கூலி வேலைக்காரர்கள், இரண்டாம் தடவை கூப்பிட்டால் ஒருநாள் வேலை போகும். அதனால் ஒரே நாளில் எல்லோரையும் வரவழைத்து வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒப்பு, வாங்கிக்கொள்வோம். கட்டங்களை அப்புறம் நாங்கள் நிரப்புவோம். நான் எல்லாக் கட்டத்திலும் டிக் போடுகிறவள். கூடுதல் நேரமா, டிக். எழுதுகிற ஆளா, டிக். தரைத்தளத்து அறையா, டிக். ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கா, அதற்கும் டிக். கிடைக்கிற எதையும் விடக் கூடாது என்பதுதான் என் பெருமை. முப்பது படிவத்தையும் அப்படியே நிரப்பி, காப்பி எடுத்து, அனுப்பிவிட்டேன். கடைக்காரப் பையன் தாள்களை அடுக்கித் தரும்போது நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்: "இந்த மாதிரி பேப்பரெல்லாம் பாலத்துக்குக் கிட்ட ஸ்டெல்லாக்கா கடையில குடுங்க டீச்சர், தப்பு கிடந்தா அவ கண்டுபிடிச்சும் தருவா."

வாசிக்காத ஒரு தாள்

தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் சரிபார்க்க வந்தது. பள்ளி உதவியாளர் அதைக் காப்பி எடுக்கக் கொண்டுபோனார். எந்தக் கடைக்கு என்று கேட்காதீர்கள். அரை மணி நேரத்தில் ஸ்டெல்லா கடையை அடைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்து நின்றாள். அபிஷாவின் பெயருக்கு நேரே ஆங்கிலப் பாடம் 'விலக்கு' என்று இருந்தது. அந்தப் பிள்ளை வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குவது ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். மதிப்பெண் சான்றிதழில் ஆங்கிலமே இல்லாமல் எந்தக் கல்லூரியில் போய் அதைக் கேட்பாள்? எல்லாம் மொழிப்பாட விலக்குக்கு நான் போட்ட டிக்.

தலைமையாசிரியர் படிவத்தைத் தேடி எடுத்தார். "தாய் ஒப்பு போட்டிருக்காவ. ஒங்க மேல குத்தமில்ல டீச்சர்" என்று என் காதோரம் சொன்னார். ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊருக்கே சட்டம் சொல்கிறவள், சொந்த மகளுடைய வெற்றுப் படிவத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "நீங்க வாசிச்சுப் பாக்கலியா ஸ்டெல்லா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் இனிப்பு கூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவள் படிவத்தில் தன் ஒப்பின் மேல் விரலை வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "எவன் தந்த பேப்பரையும் வாசிக்காம ஒப்பு போட்டதில்ல டீச்சர். நீங்க தந்தத மட்டுந்தான் வாசிக்கல்ல."

ஆட்டோவில் இருந்தவள்

மறுநாள் அபிஷாவையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கல்வி அலுவலகம் போனோம். படிக்கட்டு ஏற முடியாததால் அபிஷா ஆட்டோவிலேயே இருந்தாள். உள்ளே எழுத்தர் வழி சொல்லிக் கொடுத்தார். பெற்றோர் முதலில் விலக்குக் கேட்டார், இப்போது மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் திருத்தம் சீக்கிரம் நடக்கும், யாருக்கும் கேடில்லை. நான் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிற தற்காலிகப் பணியில் இருப்பவள். 'என் தவறு' என்று கைப்பட எழுதினால் அது என் கோப்பில் ஏறும். ஸ்டெல்லாவே, "மனசு மாறிட்டுன்னு எழுதுங்க டீச்சர், எனக்கொண்ணும் இல்ல" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதிலும் அவளே பெரிய மனசுக்காரி ஆகிவிடுவாளா? கோபத்தோடுதான் பேனாவை எடுத்தேன். பெற்றோரிடமும் மாணவியிடமும் கேட்காமல் நானாக நிரப்பினேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியத்தையும் பொறாமையில்தான் செய்திருக்கிறேன், என்ன செய்ய. எழுத்தர், திருத்தத்துக்குக் கடைசி நாள் வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து அபிஷாவிடம் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அம்மாவும் ஒரு பக்கம் நின்று சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த ஆணை என்று விளக்க ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்ததை நானும் விடாமல் சேர்த்துச் சொன்னேன். அபிஷா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க நேரம் எடுக்கும், நாங்கள் வாயை மூடிக் காத்திருந்தோம். "பரீட்ச எழுதப் போறது நான்லா. ரெண்டுபேர்ல ஒராளாவது எங்கிட்ட கேட்டியளா?"

ஆங்கிலத் தேர்வு

திருத்தம் வந்துவிட்டது. ஆங்கிலத் தேர்வன்று மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் நானும் ஸ்டெல்லாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நின்றிருந்த நாலைந்து பெற்றோரும் அவளைத்தான் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்டார்கள். எனக்கு வழக்கம்போல வயிறெரிந்தது. கூடுதல் ஒரு மணி நேரமும் முடிந்து அபிஷாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் சொன்னதை எழுதிய ஆசிரியை பின்னாலேயே விரலை உதறிக்கொண்டு வந்தார். எப்போதும் அம்மாவைத் தேடுகிற கண் அன்றைக்கு என்னிடம் வந்து நின்றது. "நேரம் பத்தல்ல டீச்சர். எனக்குச் சொல்ல இன்னும் கிடந்து" என்றாள்.

நான் குனிந்து, எந்தக் கேள்விக்கு மக்ளே என்று கேட்டேன். சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன். நிமிர்ந்தபோது ஸ்டெல்லா கூட்டத்தை விட்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. "ஒளிக்காம சொல்லுதேன் டீச்சர், எனக்குப் பொறாமையாட்டு இருக்கு. பெத்தவ நான் நிக்கேன், அவ மொதல்ல ஒங்ககிட்டல்லா சொல்லுதா."

எங்கள் வேலையில் பாராட்டு என்று ஒன்று வருவதாக இருந்தால் அது பக்கத்தில் நிற்பவரின் வயிற்றெரிச்சலாகத்தான் வரும் போலிருக்கிறது, நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.