அப்பா எரித்த கொடிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. ஓராண்டில் துயரம் சற்று அடங்கும் என்றார்கள், அடங்கியிருக்கிறது. கோபம்தான் அடங்கவில்லை. நினைவு மலரில் கோபம் வேண்டாமே என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே, "நீயே எழுது, உள்ளத உள்ளபடி எழுது" என்று விட்டுவிட்டார்.

அப்பா விம்கோ நகரில் பிறந்தார். தாத்தா வேலை பார்த்த ஆலையிலேயே, பத்தாவது முடித்த கையோடு அவரும் சேர்ந்தார். அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது ஆலையை மூடினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், வெள்ளையடித்தார், மீன்பாடி வண்டி ஓட்டினார். கடைசியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாகக் குப்பை லாரியில் ஏறினார். குடும்பம் குப்பைமேடு இருக்கும் கொடுங்கையூருக்குக் குடிவந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சுற்றுவட்டாரத் தெருக்களின் குப்பையை வெறுங்கையால் அள்ளினார். கையுறை கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் மறுநாள் வரும் குப்பை வேறு மாதிரி இருக்கும். எச்சில் இலைக்கும் குழந்தைகளின் டயப்பருக்கும் நடுவே மூவர்ணம் கிடக்கும். சட்டையில் குத்திய காகிதக் கொடி, வண்டியில் கட்டிய துணிக்கொடி, பால்கனியில் தொங்கவிட்ட பெரிய கொடி. முதல் நாள் நெஞ்சை நிமிர்த்தி அதற்கு வணக்கம் வைத்தவர்கள்தாம் மறுநாள் மீன்முள்ளோடு சேர்த்துக் கட்டிப் போட்டார்கள்.

அப்பா அவற்றைத் தனியாகப் பொறுக்கி ஒரு பையில் சேர்ப்பார். வீட்டில் துணிக்கொடிகளை அலசிக் காயவைப்பார்.

"இன்னாய்யா, ஊர்க் குப்பயெல்லாம் வூட்டுக்குத் தூக்கினு வர்றே?" என்று அம்மா திட்டுவார்.

"இது குப்ப இல்லம்மே. இத்த இன்னா பண்றதுன்னுதான் தெர்ல."

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்டார். நூலகத்தில் தேடிக் கொடி விதிகளை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது. காகிதக் கொடியைத் தரையில் எறியக் கூடாது. பயன்படாத கொடியைத் தனியிடத்தில், மதிப்புக் குறையாமல், முழுமையாக அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு முறை, மாலை நேரத்தில், எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஓர் இரும்புச் சட்டியில் கொடிகளை மடித்து வைத்து எரித்தார். குளித்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் செய்வார். எந்தக் கோயிலிலும் அவர் அவ்வளவு பொறுமையாக நின்று நான் பார்த்ததில்லை.

எதிரே புதிதாக எழுந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்திலிருந்து ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். தீயும் மூவர்ணமும் அப்பாவின் முகமும் மட்டும் தெரியும் ஒரு சிறு துண்டு. 'கொடியை எரிக்கும் தேசத் துரோகி' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினார். மறுநாள் காலை, அப்பா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் காவலர்கள் வாசலில் நின்றார்கள்.

"யோவ், கொடிய எரிச்சியா?"

"ஆமா சார். கிழிஞ்ச கொடி சார். எரிக்கணும்னு சட்டத்துலயே கீது சார்."

"குப்ப அள்றவன் எனக்குச் சட்டம் சொல்றியா? ஏறு வண்டில."

அப்பா நீட்டிய தாளை அந்தக் காவலர் பிரிக்கக்கூட இல்லை. கசக்கி வாசலில் போட்டார். அதை எழுதிக் கொடுத்தவள் நான். நான் எழுதிக் கொடுத்திராவிட்டால் அப்பா சிறைக்குப் போயிருக்க மாட்டார் என்ற எண்ணம் இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

ஒன்பது நாள் சிறையில் இருந்தார். இருபத்திரண்டு ஆண்டு உழைப்பை ஒப்பந்தக்காரர் ஒரே தொலைபேசி அழைப்பில் முடித்துவைத்தார். ஜாமீனுக்கு இருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அண்ணனும் நானும் உறவினர் வீடுகளுக்குப் போனோம். அப்பாவின் உடன்பிறந்த தம்பி கதவைப் பாதிதான் திறந்தார். "எனக்கும் புள்ளைங்க கீதுங்கம்மா, என்ன வுட்டுடு" என்றார். அவர் கைப்பேசியின் முகப்பில் அன்றும் தேசியக் கொடிதான் இருந்தது. சித்தப்பா, இந்த மலர் உங்களுக்கும் வரும். இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

கையெழுத்துப் போட வந்தவர்கள், அப்பாவோடு லாரியில் வேலை செய்த முனியம்மா அக்காவும், ஆலை நாள்களிலிருந்து அப்பாவுக்கு நண்பரான ரஹீம் மாமாவும். மாமா தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். நீதிமன்ற வாசலில் தெரிந்தவர் ஒருவர் அவரைத் தனியே இழுத்தார்.

"பாய், கொடி கேஸு. உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு? உங்களயே சந்தேகப்படுவாங்க."

"சந்தேகம் எனக்கு இன்னா புச்சா? அவன் என் தோஸ்து. எங்க கையெழுத்துப் போடணும், அத்த சொல்லு" என்றார் மாமா.

வழக்கு தள்ளிக்கொண்டே போனது. அப்படித் தள்ளிவைத்த ஒரு நாளில் அப்பா, "கோட்டைக்குப் போய்ட்டு வரலாம் வா" என்றார். நாடு விடுதலை பெற்ற நாளில் கோட்டையில் ஏற்றிய கொடியை அங்குள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் முன் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போராட்டக் காலத்தில் கொடியின் நடுவில் கைராட்டை இருந்தது. விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன் அந்த இடத்தில் அசோகரின் அறச் சக்கரத்தை வைத்தார்கள். ராட்டை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் திரும்பித் தெரியும். சக்கரம் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுதான். காவி தியாகத்துக்கு, வெண்மை உண்மைக்கு, பச்சை விளையும் மண்ணுக்கு. இந்த மதத்துக்கு இந்த நிறம் என்று யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை.

அப்பா கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் ஒண்ணா? அப்ப என் பக்கம் நின்னு பாத்தா மட்டும் ஏம்மா வேற மாரி கீது?"

 

படம் எடுத்தவர் சாட்சி சொல்ல வந்த நாளில் எங்கள் வழக்கறிஞர் அவரிடம் அமைதியாகவே கேட்டார்.

"கிழிஞ்ச கொடிய என்ன செய்யணும்?"

"தெரியாது மேடம்."

"உங்க கட்டடத்துல ஆகஸ்ட் பதினைஞ்சுக்குக் கொடி கட்டினீங்களா?"

"எல்லா பால்கனியிலயும் கட்டினோம்."

"அதெல்லாம் இப்ப எங்க?"

 "குப்பைல போட்டுட்டோம்" என்றார்.

"உங்க கட்டடத்துக் குப்பைய யார் வந்து எடுப்பாங்க?"

அவர் அப்போதுதான் அப்பாவை முதன்முதலாக நேராகப் பார்த்தார். கூண்டில் நின்றிருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டியவர் அவரல்லர்.

தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் குப்பைமேட்டுப் புகை தின்றுவிட்டிருந்த அப்பாவின் நுரையீரல் ஓய்ந்துகொண்டிருந்தது. அரசு மருத்துவமனைப் படுக்கையில் மூச்சுக்குழாயை விலக்கிவிட்டு, "தேதி என்னிக்கும்மா?" என்று தினமும் கேட்டார். வேலையையோ வலியையோ பற்றி ஒன்றும் கேட்டதில்லை. தீர்ப்புக்குப் பதினொரு நாள் முன்பு காலமானார்.

குறித்த நாளில் அண்ணனும் நானும் நீதிமன்றம் போனோம். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்படுகிறது என்றார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் அண்ணன் வழக்கறிஞரிடம், "அப்போ எங்க நைனா தப்பு பண்ணாரா இல்லியா மேடம்? அத்த சொல்லவே இல்லியே!" என்றார்.

"இனிமே சொல்ல மாட்டாங்க தம்பி. சட்டம் அவ்வளவுதான்."

அடக்கத்துக்கு வந்து, ஜாமீனுக்கு வராமல் போன உறவினர்கள் பலர். மாலைக்கு நன்றி. அந்த ஒன்பது நாளில் உங்களில் ஒருவர் வந்திருந்தால் போதும், மாலை இல்லாமலே நன்றி சொல்லியிருப்போம். முனியம்மா அக்காவுக்கும், ரஹீம் மாமாவுக்கும், இரவு பகல் பாராமல் அப்பாவைக் கவனித்த செவிலியர்களுக்கும், எங்களுக்காக வாதாடிய வழக்கறிஞருக்கும் அம்மாவின் சார்பிலும் அண்ணன் சார்பிலும் தலைவணங்கி நன்றி சொல்கிறேன். உங்களை நாங்கள் மறக்க மாட்டோம். மற்றவர்களையும் மறக்க மாட்டோம்.

நீதிமன்றம் எழுதாமல் விட்ட ஒரு வரி மிச்சமிருக்கிறது. வேறு எந்தத் தாளிலும் அது இனி ஏறப்போவதில்லை என்பதால், அவர் மகளாகிய நான் இங்கே அச்சில் ஏற்றுகிறேன்:

எங்கள் அப்பா குற்றமற்றவர்.