சுப்புராஜின் கேமராவைத் திறந்தவன்

நெஞ்சுவலி வந்து சுப்புராஜ் இறந்துவிட்டார் என்று போனில் சொன்னார்கள். “நல்லா விசாரிச்சீகளா?” என்று கேட்டேன். அவர் சம்பந்தப்பட்ட எதையும் நான் ஒரே தடவையில் நம்பியவனில்லை. அவருடைய வேனில் வேலைக்கு வந்துபோன உங்களுக்கு அது தெரியும்.

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர்; அவர் வேன் ஓட்டினார். ஊரே செல்போனில் படம் எடுக்கத் தொடங்கியிருந்த நேரம். சிவகாசி அச்சகம் ஒன்று கழித்துப்போட்ட பழைய பிலிம் கேமராவை வாங்கி, பூஞ்சை பிடித்த லென்ஸைத் துடைத்து, ஷட்டரைச் சரிசெய்து ஓட வைத்திருந்தார். பெட்டி மாதிரி இருக்கும். வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். ஆளை நிமிர்ந்து பார்க்காமலே ஆளைப் படம் எடுப்பார். எனக்கு அதுவே உறுத்தியது.

அந்த சீசனில் எங்கள் கம்பெனியைப் பற்றி யாரோ சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போட்டுவிட்டார்கள். ஒரு ஷெட்டில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பது வரை அதில் இருந்தது. யார் வேலை என்று முதலாளி என்னைத்தான் கேட்டார். படம் எடுக்கிறவர்தான் உளவும் சொல்லியிருப்பார் என்று நேராக வேனுக்குப் போனேன்.

“அந்தப் பொட்டிய இங்கன கொண்டாங்க.”

தந்தார். “தொறந்துறாதீக அண்ணாச்சி. வெளிச்சம் பட்டா அம்புட்டும் போயிரும்.”

அப்படிச் சொன்னதே என் சந்தேகத்தை உறுதியாக்கியது. திறந்து, பிலிம் சுருளை வெயிலில் உருவிப் போட்டேன்.

வேனிலிருந்து முத்துலட்சுமி இறங்கி ஓடிவந்தாள். அவளுடைய தாய் இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. “எங்காத்தா அதுல சிரிச்சுக்கிட்டு இருந்துச்சுய்யா. ஓட்டு அட்டையில மொகம் கரியாத்தான இருக்கு. பிலிமக் கழுவிப் படமாத் தாரேன்னு சொன்னாரே!” என்று அழுதாள். இவளும் கூட்டு என்று நினைத்தேன். அன்று அப்படித்தான் நினைத்தேன்.

மறு மாதம், மனு எழுதியது வேறு ஆள் என்று தெரியவந்தது. சுப்புராஜிடம் போய் நின்றேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. “அந்த பிலிம்ல யாரு யாரு இருந்தாக?” என்றேன்.

“இத அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அண்ணாச்சி. பன்னெண்டு பேரு. பதினோரு பேரத் திரும்ப எடுத்துட்டேன்.”

சொல்லிவிட்டுக் கேமராவின் மேல் குனிந்தார். ஷட்டர் சத்தம் கேட்டது. என்னை எதற்கு எடுக்கிறார் என்று அப்போதும் ஒரு சந்தேகம்.

பத்து நாள் கழித்துப் படத்தைக் கையில் கொடுத்தார். வீட்டில் அதை மாட்ட வேண்டாம் என்றுவிட்டார்கள், பீரோவில் வைத்திருக்கிறேன். கண்ணைச் சுருக்கி, கழுத்தைச் சாய்த்து, எதிரில் இருப்பவரை நம்பாமல் பார்க்கிறேன். வருஷக்கணக்காக அவர் தினமும் காலையில் பார்த்த முகம் அது. சுப்புராஜின் முகம் உள்ள படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.