கம்பமெட்டிலிருந்து காலியாக இறங்கிய ஜீப்

சென்ற ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போயிருந்தேன். மறுநாள் வேலை ஒன்றுமில்லை. கம்பமெட்டு மலைமேல் ஏறி மேகம் பார்க்கலாம் என்று தனியாகக் கிளம்பினேன். தேனியிலிருந்து கம்பம் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். போய் இறங்கியபோது மெட்டுக்குப் போகும் பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. என் ராசி அப்படி.

ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடிவதற்கு முன்பே மலையேறிவிடும். ஒன்று மட்டும் காலியாக நின்றது. ஸ்டியரிங்கில் நாற்பது வயதுப் பெண், பெயர் செல்வி. போய்வர எழுநூறு ரூபாய். மூன்று மணிக்குமேல்தான் இறங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பத்து வருஷம் அந்தத் தோட்டங்களில் காய் எடுத்தவராம். மகளிர் குழுக் கடனில் பழைய ஜீப் வாங்கி, லைசென்ஸும் எடுத்திருக்கிறார். கூட வேலை பார்த்த பெண்களையே ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

"கடனுக்கு அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டாக. வண்டில ஏறத்தேன் ஒருத்தியும் வரல. பொம்பள ஓட்டுற வண்டில மலை ஏறாதன்டு வீட்டு ஆம்பளைக சொல்லிட்டாக. இந்த மாசமும் இப்படியே போனா வித்துற வேண்டியதுதேன்."

கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றுத் தண்ணீர் அலுங்காமல் ஓட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை யாரிடம் காட்டுவது?

மேலே மேகம் பார்த்தேன், டீ குடித்தேன். மூன்று மணிக்கு வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். ஒருத்தி செல்வியின் கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி மடியிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள். பிறகு எல்லோரும் பக்கத்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் செல்வியின் சொந்தத் தங்கை.

"எங்க வீட்டுக்காரவுக கீழ முக்குலயே நிப்பாகக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவில்லாத பின்படியில் ஒண்டிக்கொண்டாள்.

இறக்கம் முழுவதும் செல்வி அந்த ஜீப்பின் பின்னாலேயே உருட்டினார். வழி கிடைத்தும் முந்தவில்லை. பஸ் போய்விடுமே என்ற எரிச்சலில் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"படில உக்காந்துருக்கா பாருங்க. வழுக்கி விழுந்தா அள்ளிப்போட ஒரு வண்டி வேணும்ல? சவாரி இல்லாட்டியும் இந்நேரத்துக்கு வந்துருவேன்."

பெண்கள் முன்னேற்றம் என்று சுவரெல்லாம் எழுதிவைக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு வண்டி வாங்கக் கடன் கொடுத்தோம், அதில் ஏற ஆள் விடவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: கம்பத்திலிருந்து மெட்டு ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். ஸ்வெட்டர் அவசியம். மழை நாளில் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். வண்டிக்குச் செல்வியைச் சொல்லலாம் என்று நேற்று அவருக்குப் போன் செய்தேன். ஜீப்பை விற்றுவிட்டாராம். பழையபடி காய் எடுக்கப் போகிறார், அந்த இன்னொரு ஜீப்பில்.

"தங்கச்சிய உள்ள தள்ளி உக்கார வச்சுட்டேன். படில இப்ப நாந்தேன்" என்றார்.