கிணறென்று எழுதப்பட்ட குழி

எங்கள் வளவின் பின்பக்கத்தில் இருக்கும் பதுங்குகுழியை மூடுவதா, விடுவதா? அம்மா இருந்தவரை இந்தக் கேள்வி அவருடையது. இப்போது என்னுடையது. மகளுக்கு மூன்று வயதாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை. இதை எழுதும்போது குசினி யன்னலில் ஒரு பழைய தகரப் பால்மாப் பேணி இருக்கிறது, அதற்குள் ஏழெட்டுச் சின்ன மீன்கள். அந்தப் பேணியை முதன்முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மலேரியாத் தடுப்பு ஓவசியர்.

உலக யுத்தத்தில் எங்கள் ஊர்த் துறைமுகத்தின்மேல் குண்டு விழுந்த காலையில், கைக்குழந்தையாயிருந்த அண்ணாவை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா அந்தக் குழிக்குள் குந்தியிருந்தாராம். துறைமுகத்து எண்ணெய்த் தாங்கி நாட்கணக்காக எரிந்ததில் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போனதாம். குழிதான் காப்பாற்றியது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் கிடைத்து, அயலவர்கள் தங்கள் குழிகளை மூடி வாழை வைத்த பிறகும் அவர் எங்களுடையதை மூடவில்லை. மாரியில் அது நிரம்பி நிற்கும். மழைக்குள் குண்டு வந்தால் நீந்தியா ஒளிக்கிறது என்று அண்ணா பகிடி பண்ணுவார். அம்மா சிரிக்க மாட்டார்.

எனக்கு ஆறு வயதில் மலேரியா வந்தது. நான் சாக்குக் கட்டிலில் நடுங்கிக் கிடக்க, ஓவசியர் காய்ச்சலுக்கு விழுங்கக் குளிசை தந்துவிட்டு, வெள்ளை எனாமல் அகப்பையால் குழித் தண்ணீரை மொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். நுளம்புக் குடம்பிகள் புழுப்போல நெளிந்தன.

“தங்கச்சி, குண்டு வருமோ வராதோ எனக்குத் தெரியாது. நுளம்பு வந்திட்டுது” என்றார்.

“நுளம்புக்குக் குளிசை தாறீங்கள். குண்டுக்கு என்ன குளிசை வைச்சிருக்கிறீங்கள்?”

அவர் அகப்பையைக் கழுவிக்கொண்டு போனார். மண்வெட்டியோடு ஆட்களைக் கூட்டிவருவார் என்று பயந்து, அம்மா இரண்டு நாள் வாசல் படலையைக் கட்டி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவர் தனியாக வந்தார். சைக்கிள் கைப்பிடியில் பால்மாப் பேணி தொங்கியது, உள்ளே குடம்பி தின்னும் மீன்கள். அவை கிணறுகளுக்கென்று கொடுக்கப்படுபவை. குழியென்றால் மூடவேண்டும் என்பதே அவர்கள் இலாகாவின் விதி. அவர் தன் கொப்பியை விரித்து அம்மாவிடம் காட்டினார். எங்கள் வீட்டுக்கு நேரே கிணறு இரண்டு என்று எழுதியிருந்தது.

“எங்கட பெரியவர் வந்து கேட்டால் இது உங்கட ரெண்டாம் கிணறு. தண்ணி உப்பெண்டு சொல்லுங்கோ.”

எனக்குக் காய்ச்சல் வந்த பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

மாற்றலாகிப் போகும்வரை அவர் வாராவாரம் வந்தார். கோடையில் குழி வற்றுமுன் மீன்களை அள்ளி நல்ல கிணற்றில் விடவும், மாரியில் திரும்பக் குழியில் விடவும் எங்களைப் பழக்கினார். அம்மாவின் பயம் பிழையென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பயத்தை அம்மாவிடமே விட்டுவிட்டு, அதனால் வந்த காய்ச்சலை மட்டும் எடுத்துப்போனார். அந்த நன்றியை அவரிடம் சொல்ல எனக்கு விலாசம்கூடத் தெரியாது.

போன வாரம் மகள் குழியின்மேல் போட்டிருந்த பலகையை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் மறுநாளே குழியை மூட இரண்டு வண்டில் மணல் கொண்டுவந்து பறித்துவிட்டார். “சண்டை முடிஞ்சு எத்தினை வருசம். பிள்ளை விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?” என்கிறார். அவர் சொல்வது சரி. ஆனால் கலவரமென்று பட்டினத்தில் திடீரென்று கடைகள் பூட்டப்பட்டு, இவர் வேலையால் வரப் பிந்தும் நாட்களில், நான் என்னையறியாமல் பின்வளவுக்குப் போய் அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அம்மாவின் பயம் எனக்கும் தொற்றிவிட்டதா, அல்லது இது வேறொன்றா?

மணல் குழியோரத்தில் அப்படியே கிடக்கிறது. மாரி தொடங்கிவிட்டது. கிணற்றிலிருந்து மீன்களை அள்ளி நாலு நாளாகிறது. “அம்மா, மீன் எங்க போகுது?” என்று மகள் காலையும் மாலையும் கேட்கிறாள். பிள்ளை வளர்க்கும் நீங்கள் யாராவது எழுதுங்கள்: இவற்றை நான் எந்தக் கிணற்றில் விடட்டும்?